இராகுகாலத்தில் ஒரு காற்றுத் துவக்கு

இரண்டாயிரத்துப் பதினாலாம் ஆண்டு மார்கழி தொடக்கத்தில் அந்தச் செய்தி என் காதுக்கு வந்தபோது ஆள்தொகை நாற்பதாகியிருந்தது. ஷாஃப்ஹவுசன் நகருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் நாற்பது பேர் சனிக்கிழமை தோறும் துவக்குப் பயிற்சி எடுக்கிறார்களாம். தலைமை ஒரு பெண்ணாம். சொன்னவர் பாடன் நகரில் இருக்கிறார். அவருக்குச் சொன்னவர் நொஷாட்டலில். நொஷாட்டல்காரருக்குச் சொன்னவர், பஸ்ஸில் நேரிலே கண்டவரின் மைத்துனர். இதைவிட உறுதியான சாட்சி எங்கள் சனத்திடம் கிடைப்பது அரிது.

போர் முடிந்து ஐந்து வருடமாகியும் துவக்கு என்ற சொல் கேட்டால் எங்களில் பாதிப்பேர் யன்னலைச் சாத்துவார்கள், மற்றப் பாதி நிதி சேர்க்கப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் தேடுவார்கள். நான் எந்தப் பாதி என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. அடுத்த சனிக்கிழமை காலை அந்தப் பண்ணைக்குப் போனேன். அங்கே ஒரு பெண்ணும் பதினேழு மாடுகளும் இருந்தன. வெளியே நின்ற காருக்குள் அந்தப் பெண்ணின் கணவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

பெண்ணின் பெயர் கலாவதி. வயது நாற்பத்தெட்டு. அங்குள்ள முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை. எண்பது கிழவர்களின் காலுறைகளைச் சோடி மாறாமல் பிரித்துவிடுவார். அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கூட வேலை செய்யும் உர்சுலா தன்னுடைய சுடும் சங்கத்துக்கு அழைத்துப் போனார். உர்சுலாதான் சங்கத்தின் பெண்கள் அணித் தலைவி. இலங்கைக் கடவுச்சீட்டுடன் இந்த நாட்டில் ஆயுதம் வாங்கச் சட்டம் இடம் தராது. கலாவதி இந்த நாட்டின் சிவப்புக் கடவுச்சீட்டு எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மற்றவர்கள் சிவப்புக் கடவுச்சீட்டோடு ஊருக்குப் போய்வந்தார்கள். இவர் ஒரு காற்றுத் துவக்கு வாங்கினார். ஈயக் குண்டு போடும், பத்து மீற்றரில் ஒரு தாளைத் துளைக்கும். சத்தம் போத்தல் மூடி திறந்த அளவு.

இரண்டு வருடத்தில் அணியின் மூன்று பேரில் ஒருவரானார். அப்போதுதான் சங்கத்தின் நிலவறைக்குள் மழைவெள்ளம் புகுந்தது. ஒரு வருடத்துக்குப் பூட்டு. மற்றவர்கள் வார நாட்களில் பின்னேரம் காரெடுத்து வேறு ஊர்ச் சங்கத்துக்குப் போனார்கள். கலாவதிக்கு வார நாள் முழுக்கப் பின்னேர வேலை.

உர்சுலா நல்ல மனுஷி, ஆனால் புள்ளி அட்டையில் இருப்பதைத்தான் நம்புவார். "மாசியில் போட்டி. நாற்பது வெடிக்கு முந்நூற்றெழுபது புள்ளி எடுத்தால் உன் இடம் உன்னுடையது. எடுக்காவிட்டால் வேறு ஆளைப் போடுவேன்" என்றார். அப்போது ஐப்பசி. பயிற்சி இல்லாமல் கலாவதி முந்நூற்றைம்பதுக்கு இறங்கியிருந்தார்.

பத்து மீற்றர் நீளமாக, நாலு பக்கமும் மூடிய, தனியாருக்குச் சொந்தமான ஓர் இடம். அவ்வளவுதான் தேவை. வீட்டு நடை ஏழு மீற்றர். மேலும், ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தலைத் தொட்டியில் போட்ட சத்தத்துக்கே முறைப்பாட்டுக் கடிதம் வரும் மாடிக்கட்டடம் அது. தமிழ்க் கடை பாலச்சந்திரனிடம் நீளமான களஞ்சியம் உண்டு. கலாவதி நேரே போய்க் கேட்டார்.

"அக்கா, கோயில் திருவிழாவுக்கு அரிசி கேளுங்கோ, தாறன். இதுக்கு என்னை விட்டிடுங்கோ."

"அரிசி மூட்டைக்குப் பின்னாலை இருக்கிற சுவர் எனக்குப் போதும் தம்பி."

"உங்களுக்குப் போதும். ஒருத்தன் படமெடுத்து முகநூலிலை போட்டால் எனக்கு எல்லாம் போதும். காசு சேர்க்க வாறவங்கள், விசாரணைக்கு வாறவங்கள், அதுக்குப் பிறகு ஆர் கத்தரிக்காய் வாங்க வருவினம்?"

"காற்றுத் துவக்கு. ஒரு காகமும் சாகாது."

"காகம் சாகாது அக்கா. வாய் சாகாதே."

அவர் ஒரு பெட்டி மாம்பழச் சாறு கொடுத்து அனுப்பினார். மறுப்பை வெறுங்கையோடு அனுப்பாதது அவருடைய வியாபார முறை.

இந்து மன்ற மண்டபத்துக்குக் கேட்டபோது பொருளாளர் யோசிக்க மூன்று வாரம் கேட்டார். யோசித்து முடித்தபோது மண்டபம் நடன வகுப்புக்குப் போயிருந்தது.

கலாவதி மூன்று வாரம் காத்திருக்கும் ஆளில்லை. முதியோர் இல்லத்தில் ரூடி என்ற பண்ணைக்காரரின் தகப்பன் இருந்தார். ரூடி ஒவ்வொரு கிழமையும் வந்து அப்பாவின் வெளுத்த சட்டைகளைச் சரிபார்ப்பார். வைக்கோல் கொட்டகை ஒன்று அரைவாசி காலியாய் இருப்பதாக ஒருநாள் கலாவதியிடம் கதையோடு கதையாகச் சொன்னார். அடுத்த நாள் கலாவதி அளவு நாடாவுடன் கொட்டகையில் நின்றார். பதினாலு மீற்றர்.

பிறகு பொலிசுக்குத் தானே தொலைபேசி எடுத்தார். இதை எங்கள் சனத்தில் யாரும் நம்பவில்லை. பொலிஸ்காரர் கேட்டதெல்லாம், குண்டு வெளியே போகுமா, வழிப்போக்கர் உள்ளே வரலாமா, கதவைப் பூட்டலாமா என்பதுதான். கலாவதி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். "அப்படியானால் உங்கள் காணிக்காரர் சம்மதம் போதும். நன்றாகச் சுடுங்கள்" என்று வைத்துவிட்டாராம் அந்த மனிதர். குண்டு தாங்க, பழைய கம்பளமும் மரப் பலகையும் அடுக்கி ஒரு சுவர் கட்டினார். ரூடி ஒரே ஒரு நேரம்தான் கொடுத்தார்: சனிக்கிழமை காலை ஒன்பது மணி தொடக்கம் பத்தரை வரை. அதற்கு முன்னும் பின்னும் மாட்டு வேலை.

வீட்டில் இதைச் சொன்னபோதுதான் பெரிய எதிரணி எழுந்தது. கணவர் இரவீந்திரன் தபால் பொதி வாகன ஓட்டி. வாகனத்தில் எலுமிச்சம்பழம் இல்லாமல் சில்லு உருளாது.

"சனிக்கிழமை ஒன்பது மணிக்கோ? அது முழு இராகுகாலம். உமக்கு வேறை நேரம் கிடைக்கேல்லையோ?"

"மாடுகளுக்குச் சொல்லிப் பாருங்கோ."

"நல்ல காரியம் தொடங்கிற நேரமோ அது?"

"உங்கடை கலண்டர் கொழும்பிலை அச்சடிச்சது. இஞ்சை சூரியன் எட்டுக்குத்தான் எழும்புது. கணக்குப் போட்டால் பத்துக்குத்தான் இராகு வருது."

இரவீந்திரன் கணக்குப் போட்டார். ஒரு வாரம் எடுத்தது. கோயிலடியில் விசாரித்தார், கைத்தொலைபேசியில் தேடினார்.

"சரி. ஓம். அப்ப பாதி நல்லது, பாதி கெட்டது."

"கெட்ட பாதியிலை நான் கூடக் கவனமாச் சுடுவன்."

அப்படியிருந்தும் அவர் காரெடுக்கவில்லை. கலாவதி நீளமான துவக்குப் பெட்டியுடன் தனியாக பஸ் ஏறினார். அந்த பஸ்ஸில் இரண்டு இராணுவப் பையன்கள் நிஜத் துவக்கை மடியில் போட்டுக்கொண்டு நித்திரை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பின் இருக்கையில் இருந்த ஒரே ஒரு தமிழரின் கண் கலாவதியின் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கண்தான் நொஷாட்டல் வழியாகப் பாடனுக்குப் போய் நாற்பது பேரானது.

மூன்றாவது சனிக்கிழமை, நான் போன நாளில், பனி கொட்டியதால் இரவீந்திரன் காரில் கொண்டுவந்து விட்டிருந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. இராகு முடியட்டும் என்று காத்திருந்தார். பத்து மணி தாண்டியதும் நான் கண்ணாடியைத் தட்டினேன்.

"அண்ணை, உள்ளுக்கை போகேல்லையோ?"

"பதினொன்று தாண்டட்டும்."

"பத்தரைக்கு மாடு வருமே. அக்கா கட்டிக்கொண்டு வெளிக்கிட்டிடுவா."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இறங்கிப் போனார்.

உள்ளே கலாவதி முப்பத்தோராவது வெடியில் இருந்தார். கணவரைக் கண்டதும் முகம் மாறவில்லை. "அந்தத் தாளை மாத்துங்கோ" என்றார். அவர் மாற்றினார். இரண்டு நிமிடத்தில் இன்னொரு தாள். அன்றைக்கு முந்நூற்றறுபத்தாறு. அடுத்த சனிக்கிழமையிலிருந்து இரவீந்திரன் ஒன்பதுக்கே உள்ளே நின்றார், சட்டைப் பையில் எலுமிச்சம்பழத்துடன்.

மாசிப் போட்டியில் கலாவதி முந்நூற்றெழுபத்துமூன்று எடுத்தார். அணி ஐந்தாமிடம். பரிசு எதுவும் இல்லை. உர்சுலா அட்டையைப் பார்த்து, "அடுத்த வருடமும் நீதான்" என்றார். பாடன்காரருக்கு உண்மையை எழுதி அனுப்பினேன். "அப்ப மற்ற முப்பத்தொன்பது பேரும் எங்கை?" என்று பதில் வந்தது.

ரூடி கொட்டகைக்கு வாடகை வாங்கவில்லை. போட்டி முடிந்த பிறகு கேட்டபோது, "ஐப்பசியில் ஒருநாள் என் தோட்டத்தில் திராட்சை பறிக்க வா, சரிக்குச் சரி" என்றார். ஒப்புக்கொண்ட கலாவதிக்கு அந்த ஐப்பசியில் வேலைக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் முதுகு பிடித்தது. இரண்டாயிரத்துப் பதினேழில் சித்திரைப் பனி கொடியெல்லாவற்றையும் கருக்கிவிட்டது, பறிக்க ஒன்றுமில்லை. சங்கத்தின் நிலவறை திறந்து கனகாலம். ரூடியின் அப்பாவும் போய்விட்டார். ஆனாலும் சந்தையில் கண்டால் ரூடி ஒரு விரலை உயர்த்திக் காட்டுவார். ஒரு நாள். கலாவதியும் ஒரு விரலை உயர்த்துவார். இந்த ஐப்பசிக்கு லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், மேற்பார்வையாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.