வெட்டாத பாட்டு

திங்கட்கிழமை காலை, கப்பல் டிக்கெட் கவுண்டரில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தபோது தபன் போன் செய்தான். "லோகு தாதா சலே கயே" என்றான். லோகு அண்ணன் போய்விட்டார். நான் எதிரில் நின்றவருக்கு டிக்கெட் அடித்துக் கொடுத்தேன். அதில் பெயர் தப்பு.

லோகநாதன் எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய குடும்பம். எங்கள் 'உப்புத் தகரம்' இசைக்குழுவின் டிரம்மர். தபன் பேஸ் கிட்டார். நான் கிட்டாரும் கத்தலும். 'பாட்டும்' என்று எழுதினால் அண்ணனே சிரிப்பார்.

நான் பங்க் ராக் ஆசாமி. கிட்டாரில் மூன்று கார்டு, இரண்டு நிமிடம், நிறையக் கோபம், முடிந்தது கதை. அவருக்கோ ப்ராக்ரஸிவ் ராக் பைத்தியம். ஒரே பாட்டுக்குள் தாளம் ஐந்தாகும், ஏழாகும், பிறகு எங்கேயோ போகும். முதல் ஒத்திகையிலேயே சண்டை.

"எதுக்குண்ணே இவ்வளவு நீளம்? ஜல்தி முடிங்க."

"ரெண்டு நிமிசத்துல கோவம் தீருற ஆளா தம்பி நீ? கவுண்டர்ல பாத்திருக்கேனே. காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் வையிற."

கடைசியில் அவருடைய நீளத்தில் என் கத்தலை ஏற்றி ஒரு பாட்டுச் செய்தோம். மெயின்லேண்ட் கப்பல் வராமல் வெங்காயத்துக்குக் காத்திருக்கும் ஊரைப் பற்றியது. பதினெட்டு நிமிடம்.

அதைத் துர்கா பூஜை மேடையில் வாசித்தபோது ஒன்பதாம் நிமிடத்தில் கரண்டு போனது. கிட்டார்கள் ஊமையாகின. அண்ணன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தார். நான்கு நிமிடம் கழித்துக் கரண்டு வந்ததும், விட்ட இடத்திலிருந்து நான் ஆரம்பித்தேன். எல்லாம் கோணலாகிப்போனது. மேடையிலிருந்து இறங்கியதும் அண்ணன் கடிந்துகொண்டார்.

"கரண்டுதான் நின்னுச்சு தம்பி, பாட்டு நிக்கல. நீ நாலு நிமிசம் பிந்தி வந்து ஏறுற."

நாலு பேர் முன்னால் அவரைப் பைத்தியம் என்று திட்டினேன். அவர் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். இருட்டில் தனியாக, ஒரு தாளம்கூடத் தப்பாமல் பாட்டைத் தூக்கி வந்தவர் அவர் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

போன வருடம் அவருடைய இடது கை நடுங்கத் தொடங்கியது. கிரேனிலிருந்து இறக்கி மேஜை வேலை கொடுத்தார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறைபட்டுக்கொள்ளவில்லை. எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கை போறதுக்குள்ள அந்தப் பாட்ட முழுசாப் பதிஞ்சிரணும் தம்பி. ஒரே மூச்சுல. வெட்டக் கூடாது."

சிப்பிகாட் கிராமத்தில், தபனின் மாமனாருடைய காலிக் கோழிக் கொட்டகையில் பதிவு செய்தோம். பதினான்காம் நிமிடத்தில் அவர் இடது கையிலிருந்து குச்சி விழுந்தது. என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் பயத்தை அன்றுதான் கண்டேன். நிறுத்தியிருக்கலாம். நான் அதே இரண்டு கார்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் கத்திக்கொண்டே இருந்தேன். மூன்று நிமிடம் கூடுதல். அவர் வலது கையாலும் காலாலும் கூடவே வந்தார். பிறகு குனிந்து குச்சியை எடுத்தார். முடித்தே விட்டார்.

"நீயா தம்பி நீட்டுன?" என்று சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

தபன் போன் செய்த மறுநாள், உடலை எடுக்கும் முன் சரஸ்வதி அண்ணி, "அந்தப் பாட்டப் போடுங்க" என்றார். உறவினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்பீக்கரில் போட்டோம். ஆறாம் நிமிடத்தில், உடலை ஏற்ற வந்த வண்டியின் டிரைவர் என் பக்கம் வந்தார்.

"ஔர் கித்னா பாக்கி ஹை?" இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்.

"பந்த்ரா மினிட்" என்றேன்.

அவர் என்ஜினை அணைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பதினைந்து நிமிடமும் முடிந்தது. நான்கு பேர் குனிந்து அண்ணனைத் தூக்கினார்கள்.

போய் வாருங்கள் அண்ணே. பாட்டு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.