ரிமோட்டும் மாமூலும்

திண்டிவனத்தில் காலை பாசஞ்சர் ஏறி விழுப்புரம் போகிற பெண்களின் பையில் என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டு டப்பா, தண்ணி பாட்டில், சீப்பு, தலைவலி மாத்திரை, ரயில் பாஸ். ஆரோக்கியசெல்வி அக்காவின் பையில் இவற்றோடு ஒரு ரிமோட்டும் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது போன் என்று நினைத்து அவசரத்தில் எடுத்து வந்துவிட்டார் போலிருக்கிறது என்று சிரித்துவிட்டேன்.

"சிரிக்காத வாணி. இத்த வூட்ல வச்சிட்டு வந்தா எங்கூட்டு ஆளு என் பொண்ண அழிச்ச மாதிரி மிச்சத்தையும் அழிச்சிடுவாரு" என்றார்.

நான் விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முழுப்பேர் இசைவாணி. அக்கா அங்கே ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல். திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ் போகிற ஒரு கிராமத்தின் காலனியில் குடியிருக்கிறார். ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஊரே என் கடைக்கு வந்து நிற்கும். காலையில் வீட்டுக்கு ஒரு சமையல், ஹாஸ்டலில் நூறு பிள்ளைகளுக்கு ஒரு சமையல், ராத்திரி திரும்பவும் வீட்டுக்கு ஒன்று. இத்தனைக்கும் நடுவில் அவருக்கு உட்கார நேரம் கிடைப்பது ரயிலில்தான். அதனால் அவர் கதை முழுவதும் எனக்கு ரயிலில்தான் தெரியவந்தது.

அந்த ரிமோட் டிவியுடையது அல்ல, ஒரு கறுப்புப் பெட்டியுடையது. அக்காவின் மகள் ஆஷ்லின் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தபோது அதை வாங்கி வந்தாள். டிபன் டப்பா அளவுதான் இருக்கும், உள்ளே பெரிய ஹார்ட் டிஸ்க். வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டால் வீட்டில் உள்ள எல்லா போனிலிருந்தும் போட்டோவும் வீடியோவும் தானாகவே அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதையே டிவியில் சொருகினால் ஓட்டியும் காட்டும். கம்ப்யூட்டர் வேண்டாம், பென்டிரைவ் வேண்டாம். பத்திரப்படுத்துவதும் படம் காட்டுவதும் ஒரே பெட்டி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கண்டுபிடித்தவர் வீட்டில் ஆம்பிளைகளே இல்லை போலிருக்கிறது. பீரோவையும் டிவியையும் ஒன்றாகச் செய்து, சாவியை ரிமோட்டில் வைத்துவிட்டார். ஒரு வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கும் என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா?

அக்காவின் வீட்டுக்காரர் பாக்கியசாமி, திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்குகிறவர். சாயங்காலம் வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் சண்டைப் படம்தான். தெலுங்கு, இந்தி, எதுவானாலும் சரி, பத்துப் பேர் பறக்க வேண்டும். மண்டியில் யாரிடமாவது படம் வாங்கி வந்து பெட்டியில் ஏற்றுவார். ஒருநாள் பெட்டி இடமில்லை என்றது. மனுஷன் ரிமோட்டை எடுத்து, இருப்பதிலேயே பெரிதாகத் தெரிந்த ஒன்றை அழித்துவிட்டார். அது ஆஷ்லினின் புதுநன்மை வீடியோ, சின்ன வயசில் முதல் தடவை நற்கருணை வாங்கிய அன்று எடுத்தது. ஸ்டூடியோக்காரர் கொடுத்த சிடி கீறல் விழுந்து ஓடாமல் போவதற்குள் ஆஷ்லின் பாடுபட்டு அதிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். வெள்ளை கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி, எல்லாம் போயிற்று. அந்த இடத்தில் ஒருவன் பஸ்ஸைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா பண்ணன்னு கேட்டா, 'பழசுதானமே, அது எங்க ஓடப்போவுது'ன்றாரு. எனக்கு வந்திச்சி பாரு கோவம்" என்று அக்கா சொன்னபோது எதிர்சீட்டில் இருந்தவர் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அன்றையிலிருந்து ரிமோட் அக்காவோடு விழுப்புரம் போய் வந்துகொண்டிருக்கிறது. ஆஷ்லினின் வீடியோ போனது போனதுதான். ஆனால் பெட்டியில் இன்னொன்று இருந்தது. அதற்காகத்தான் இந்தக் காவல்.

அவர்கள் ஊரில் மே மாதம் மாதா கோயில் திருவிழா. கடைசி நாள் ஆடம்பரத் தேர்பவனி. தேர் கோயிலிலிருந்து கிளம்பி ஊர்த்தெருக்களைச் சுற்றிக்கொண்டு, காலனித் தெரு ஆரம்பிக்கிற முனையில் ஐந்து நிமிஷம் நிற்கும். உள்ளே வராது. காலனிக்காரர்கள் அந்த முனைக்குப் போய் உப்பும் மிளகும் தேர்மேல் தூவிக் கும்பிட்டுவிட்டு வர வேண்டும். அதே மாதா, அதே பூசை, அதே நற்கருணை. ஆனால் தேருக்கு மட்டும் அந்தத் தெரு கண்ணில் படாது. அக்காவை அவர் அம்மா இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் நின்றதும் அந்த முனைதான். அக்கா ஆஷ்லினைத் தூக்கிக்கொண்டு நின்றதும் அதே முனைதான்.

தேர் தூக்குவதிலும் அப்படியே. தோள் கொடுக்க ஊர்த்தெருக்காரர்களுக்கு வரிசை உண்டு. வாழ்க்கை முழுக்க மூட்டை சுமந்த பாக்கியசாமியின் தோளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. இதைக் கேட்டு எனக்கு ரயிலிலேயே வாய்விட்டுத் திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்டவும் செய்தேன்.

போன வருஷம் மட்டும் வேறு மாதிரி நடந்தது. குடிதண்ணீர்க் குழாய் பதிக்க ஊர்த்தெருவைக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். திருவிழாவுக்குள் மூடுகிறேன் என்ற காண்டிராக்டர் மூடவில்லை. தேர் கிளம்பிப் பாதி வழி வந்துவிட்டது. மேலே போக வழியில்லை. திரும்பிப் போனால் அபசகுனம். வேறு வழியே இல்லாமல் காலனித் தெருவுக்குள் திருப்பினார்கள். அக்கா தன் வீட்டு வாசலில் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் வீட்டு உப்பையும் மிளகையும் தூவினார். திருப்பத்தில் தேர் ஒரு பக்கம் சாய்ந்தபோது பாக்கியசாமி ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். அந்த அவசரத்தில் யாரும் தடுக்கவில்லை.

காலனியில் எல்லோரும் அதைப் போனில் எடுத்தார்கள். ஸ்டேட்டஸில் வைத்தார்கள், அது மறுநாளே போய்விட்டது. பாட்டைச் சேர்த்து ரீல்ஸ் போட்டார்கள், அதில் தேரின் தலை மட்டும் தெரியும். எந்தத் தெரு என்றே தெரியாது. போனில் இடமில்லை என்று மிச்சத்தை அழித்தார்கள். தெருமுனையிலிருந்து தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வாசல்வரை, வெட்டாமல் ஒட்டாமல் முழுசாக எடுத்தது அக்கா ஒருவர்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் அது தானாகப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்த வருஷம் திருவிழா நெருங்கியது. குழி மூடியாகிவிட்டது. தேர் இனி உள்ளே வராது என்று கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவையில் பேசி முடித்துவிட்டார்கள். காலனிக்காரர்கள் மனு கொடுத்தார்கள். டைப் அடித்துக் கொடுத்தது நான்தான், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஒரு அரசு அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். கடையை அரைநாள் மூடிவிட்டு நானும் போனேன்.

அமைதிப் பேச்சுவார்த்தை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அடிபட்டவனையும் அடித்தவனையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து, இரண்டு பேரும் அமைதியாக இருங்கள் என்று சொல்வது. ஒரு பக்கம் பேரவைச் செயலாளர் தேவசகாயம், ரிட்டயர்டு வாத்தியார். பக்கத்தில் பங்குச்சாமியார், மேஜையையே பார்த்துக்கொண்டு. இந்தப் பக்கம் காலனிக்காரர்கள், அவர்களோடு அக்காவும் பாக்கியசாமியும். நடுவில் அதிகாரி. அவர் வாயில் திரும்பத் திரும்ப வந்த வார்த்தை ஒன்றுதான்: மாமூல். மாமூல் பாதை எது? மாமூல் வழக்கம் என்ன? புதிதாக எதையும் அனுமதிக்க முடியாது.

தேவசகாயம் எழுந்தார். "அந்தத் தெருவுக்குள்ள தேர் போனதே கிடையாதுங்க சார். எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து கிடையாது."

போன வருஷம் தேருக்கு முன்னால் மைக் பிடித்துக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டு போனவர் அவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஆதாரம் இருக்காம்மா?" என்றார் அதிகாரி.

அக்கா பையைத் திறந்தார். பெட்டி ஒரு பழைய துண்டில் சுற்றியிருந்தது. ஹாலில் பெரிய டிவி மாட்டியிருந்தார்கள். ஆபீஸ் பையனைக் கேட்டு அதில் ஒயரைச் சொருகினார். பெட்டி உயிர் பெறுவதற்குள் நான் பாக்கியசாமியைப் பார்த்தேன். மனுஷன் முகம் வெளிறிப்போய் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். அக்காவும் பார்த்துவிட்டார்.

"இன்னாய்யா பண்ண?" என்றார். "போன்லயே அந்தப் பொட்டிய ஓட்டலாம்னு எவனாச்சும் சொல்லிக் குடுத்தானா? சொல்லு. அதையும் அழிச்சிட்டியா?"

பாக்கியசாமி தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை நாள் அக்கா ரிமோட்டை விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் சுமந்ததெல்லாம் வீண். போனையே ரிமோட்டாக்கி மனுஷன் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

டிவியில் படங்களின் வரிசை வந்தது. கடைசியாகப் பார்த்தது முதலில் நிற்கும். பறக்கிறவனோ பஸ்ஸைத் தூக்குகிறவனோ அங்கே இல்லை. தேர்தான் நின்றது. விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று பெட்டி கேட்டது. அக்கா அழுத்தினார். நடுவிலிருந்து ஓட ஆரம்பித்தது. தேர் சாய்கிறது, ஒரு ஆள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வருகிறார், தண்டுக்கடியில் தோளைக் கொடுக்கிறார், தேர் நிமிர்கிறது. பின்னால் காலனித் தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று தெரிகிறது. பாக்கியசாமியின் முகம் டிவி முழுக்க இருந்தது.

அக்கா திரும்பிப் புருஷனைப் பார்த்தார்.

"அடப்பாவி மனுசா. இத்தத்தான் பார்த்துக்கினு இருந்தியா?"

"டெய்லியும் பார்ப்பேன்மே" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. மற்றவர்கள்மேல் இருந்தது இரண்டு மடங்காயிற்று. தேவசகாயம் தொண்டையைச் செருமினார். "ரோடு வெட்டியிருந்துச்சுங்க சார். ஆபத்துக்கு ஒரு தடவை போனது" என்றார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் போனதே கிடையாது என்றவர். அதை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். மனுதாரர் தவிர மற்றவர்கள் பேசக்கூடாது என்று என்னை உட்காரச் சொன்னார்கள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, ஒரு தடவை வந்ததை மாமூல்னு எடுத்துக்க முடியாதும்மா."

"எத்தினி தடவ வந்தா சார் மாமூல் ஆவும்?"

"தொடர்ந்து வந்திருக்கணும்."

"வுட்டாத்தான சார் தொடர்ந்து வரும்?"

அவர் பேனாவை எடுத்தார். பதில் இல்லாவிட்டால் என்ன, கையெழுத்து இருக்கிறதே. தேர் மாமூல் பாதையில் செல்லும், காலனி மக்கள் வழக்கம்போல் முனைக்கு வந்து காணிக்கை செலுத்தலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பங்குச்சாமியார் அப்போதும் மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்பவனி அன்று அக்கா என்னையும் வரச் சொல்லியிருந்தார். நான் முனையில் போய் நின்றேன். அங்கே ஒருவருமில்லை. உள்ளே போனால், காலனியே அக்கா வீட்டு வாசலில் இருந்தது. டிவியைத் தெருவைப் பார்க்க வெளியே எடுத்துப் போட்டு, அதற்கு மாலை போட்டு, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். பக்கத்தில் கறுப்புப் பெட்டி. அக்கா முந்தானையிலிருந்து ரிமோட்டை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தார்.

"மொதல்ல இருந்து போடு. உன் தோள்ல இருந்து போடாத."

பாக்கியசாமி சிரித்துக்கொண்டே போட்டார். போன வருஷத்துத் தேர் தெருமுனையில் திரும்பி உள்ளே வந்தது. பெண்கள் எழுந்து நின்றார்கள். தேர் தங்கள் தங்கள் வாசலைத் தாண்டுகிற இடம் வரும்போது ஒவ்வொருத்தியும் முன்னால் வந்து உப்பும் மிளகும் தூவினாள். டிவியில் பட்டு உப்பு சிதறியது. பக்தி என்று சொல்வதா, வீம்பு என்று சொல்வதா எனக்குத் தெரியவில்லை. அழுகை வருவதற்குப் பதிலாக ஆத்திரம்தான் வந்தது. கண்ணாடிக்குள் இருக்கிற தேருக்கு உப்புத் தூவும்படி இவர்களை விட்டுவிட்டார்களே.

அந்த நேரம் உண்மையான தேர் பேண்டு வாத்தியத்தோடு முனைக்கு வந்து நின்றது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஒருவரும் போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. பேண்டு ஒரே பாட்டைத் திரும்ப வாசித்தது. கடைசியில் அலெக்ஸ் என்று பேரவை ஆள் ஒருவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு தெருவுக்குள் வந்தார். டிவியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, தேர் வந்து நிக்குது. காணிக்கை போட யாரும் வரலியா?"

அக்கா திரும்பினார். கையில் இன்னும் உப்பு இருந்தது.

"தேர் எங்க தெருவுலதான் போய்க்கினு கீது. உங்களுக்கு வேணும்னா வந்து போட்டுட்டுப் போங்க."

அலெக்ஸ் வந்த வழியே திரும்பிப் போனார். அவர் போனதும்தான், திருவிழாவுக்கு வந்திருந்த ஆஷ்லின் போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். அக்கா அவள் தோளைத் தொட்டார்.

"நல்லா எடு. தண்ணித் தொட்டி தெரியட்டும். ரெண்டாவது வருசம்னு பேர் போட்டு பொட்டியில வை."