புதன்கிழமைக் குழம்பும் சாம்பல்நிறச் சட்டையும்

எங்கள் வீட்டில் மீன்குழம்புக்குரிய நாள் புதன்கிழமை. செவ்வாய், வெள்ளி, சனி மூன்றும் கவிச்சி கூடாத நாள்கள். ஞாயிறு பிரியாணிக்கு என்பது ஆம்பூரில் எழுதப்படாத சட்டம். எஞ்சியவற்றுள் வாரத்தின் நடுவே நின்ற புதனை என் கணவர் தேர்ந்துகொண்டார். அவர் தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றில் மேற்பார்வையாளர்; நான் பெண்கள் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்தவள். இருவரும் மாலையில் களைத்தே திரும்புவோம். ஆகவே குழம்பு விரைவில் ஆக வேண்டும்; ஆயினும் அவசரத்தில் ஆக்கியது போலத் தோன்றுதல் ஆகாது.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். மாடிப்படி ஏறியதும் முதல் வேலையாகப் புளியை வெந்நீரில் போடுவேன். அது ஊறுவதற்குள் சின்ன வெங்காயம் உரித்து, தக்காளி நறுக்கி, முள்ளுக்கத்தரிக்காயின் காம்பிலுள்ள முள்ளைச் சீவி நான்காகப் பிளந்து நீரில் இட்டுவிடுவேன். எண்ணெயில் வெந்தயம் சிவந்ததும் வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள். பிறகு கத்தரிக்காயும் முருங்கைக்காயும் புளிக்கரைசலும். காய் முக்கால் பங்கு வெந்த பின்னரே மீன். மீன் இறங்கியபின் கரண்டிக்கு இடமில்லை. சட்டியின் விளிம்பைத் துணியால் பற்றி ஒருமுறை சுழற்றினால் போதும்.

இந்த ஊரின் வாடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுண்ணாம்பும் ஊறிய தோலும் ஏதோ ஒரு மருந்தும் கலந்த அது, ரயில் நிலையத்தில் இறங்கும்போதே வந்து எதிர்கொள்ளும். புதியவர் முகம் சுளித்தால், "கொஞ்ச நாள் இருங்க, பழகிடும்" என்பதே ஊராரின் மறுமொழி. விரிஞ்சிபுரத்திலிருந்து மணமாகி வந்த எனக்கு அது பழகவேயில்லை. கணவர் தொழிற்சாலைச் சட்டையைக் குளியலறைக் கதவின் பின்னாலுள்ள ஆணியில் மாட்டிவிட்டு, குளித்த பிறகே கூடத்துக்கு வரலாம். என் பீரோவின் பக்கம் அச்சட்டை ஒருநாளும் அண்டியதில்லை. புதன்கிழமைகளில் மட்டும் அவர் வாசலில் நின்று என்னைச் சீண்டுவார்.

"இன்னிக்கு என்னைவிட மீனு ஜாஸ்தியா நாறுதே. நான் உள்ள வர்றதா, அது வெளிய போறதா, நீயே சொல்லு."

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் கோடையில் நெஞ்சுவலி கண்டு அவர் இறந்தார். சடங்குகள் முடிந்து உறவினர் கலைந்த மாலையில் குளியலறைக் கதவைச் சாத்தினேன். சாம்பல்நிறச் சட்டை துவைக்கப்படாமல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மடித்து, பீரோவில் என் பட்டுப்புடவைகளின் மேல் வைத்தேன். அதன் பின்னர் நாள்தோறும் மாலையில் பீரோவைத் திறந்து நிற்பது வழக்கமாயிற்று. வாடை வரும், கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போவேன்.

அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில் எனக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. தேறி எழுந்து காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்த அன்று, ஊரின் வாடை தெரியவில்லை. கடைசியில் எனக்கும் பழகிவிட்டது என்று எண்ணி மகிழ்ந்தேன். ஊரார் இத்தனை காலம் சொன்னது பொய்யில்லை என்று கீழ்வீட்டுப் பெண்ணிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். குழம்பில் சுவை குன்றியதையும் கவனித்தேன். ஒருத்திக்காக ஆக்கும் குழம்பு அப்படித்தான் இருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது.

பீரோவைத் திறந்தபோதும் ஒன்றும் வரவில்லை. சட்டையை முகத்தில் அழுத்திப் பார்த்தேன். வெறும் துணி.

தை மாதத்தில் சென்னையில் உறவினர் வீட்டுத் திருமணம். பட்டுப்புடவை உடுத்திச் சென்றிருந்தேன். பக்கத்தில் அமர்ந்திருந்த பெண் சிறிது நேரத்தில் எழுந்து, இரண்டு நாற்காலி தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள். கணவனை இழந்தவளின் அருகில் மங்கல நாளில் இருக்க விரும்பாதவர் இன்றும் உண்டு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பந்தி தொடங்குமுன் புறப்பட்டுவிட்டேன். அதற்குப்பின் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

கீழ்வீட்டுப் பெண்ணே வீட்டின் உரிமையாளர். உருது பேசும் குடும்பம். என்னைவிடச் சற்று இளையவர். சென்ற வாரம் அவர் தமக்குத் தெரிந்த ஏழைக் குடும்பங்களுக்காகப் பழைய துணி கேட்டிருந்தார். புதன்கிழமை பிற்பகலில் என் பருத்திப் புடவைகள் சிலவற்றை மூட்டையாகக் கட்டினேன். நெடுநேரம் தயங்கியபின், சாம்பல்நிறச் சட்டையையும் அதன் மேல் வைத்தேன். வாசனை போனபின் அதை வைத்திருப்பதில் பொருளில்லை. யாரேனும் உடுத்தட்டும் என்று தோன்றிற்று.

பிறகு சமைக்கத் தொடங்கினேன். ஞாயிறன்று வாங்கி வெட்டிவைத்த மீன் ஃபிரிட்ஜில் இருந்தது. இடையில் ஒரு பகல் முழுதும் மின்தடை. அந்தப் பழைய ஃபிரிட்ஜின் கதவும் சரியாக மூடுவதில்லை. துண்டுகளை முகர்ந்து பார்த்தேன். ஒரு நாற்றமும் இல்லை. மஞ்சளும் உப்பும் தடவித் தட்டில் வைத்தேன். கத்தரிக்காய் வெந்துகொண்டிருந்தது. தட்டைக் கையில் எடுத்தபோது, மூட்டையைக் கொண்டுபோகக் கீழ்வீட்டுப் பெண் படியேறி வந்தார். வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யா அல்லா! டீச்சரம்மா, இன்னா நாத்தம் இது! எலி கிலி செத்துக் கெடக்குதா?"

"இங்கயா? ஒண்ணும் இல்லையே."

அவர் அடுப்படிக்குள் வந்து என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். குனிந்தவர் சட்டென நிமிர்ந்தார்.

"இந்த மீனையா போடப் போறீங்க? பூனைகூட மோந்து பாக்காது. நெஜமாவே உங்களுக்குத் தெர்லயா?"

"மோந்துதான் பாத்தேன்."

"ஜலதோசமா?"

"இல்ல."

அவர் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். பெருங்காயத்தை நீட்டினார். கடைசியில் அத்தர் பூசிய தம் மணிக்கட்டையே என் மூக்கில் வைத்தார். கண்ணாடிக் குவளையை முகர்வது போலிருந்தது. இல்லையென்று தலையை அசைத்தேன்.

"அடப்பாவமே! எத்தினி நாளா இப்டி?"

"காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்பறம்னு நெனைக்கிறேன். ஊர் பழகிடுச்சுன்னு இருந்துட்டேன்."

"நல்லாப் பழகினீங்க போங்க! கேஸு லீக்கானாகூடத் தெரியாதே. நாளைக்கே டாக்டராண்ட போலாம், நானும் வர்றேன். அதுவரைக்கும் டெய்லி ஒருதபா மேல வந்து உங்க வூட்ட மோந்து பாத்துட்டுப் போறேன். பேஜார்தான், இன்னா பண்றது!"

சொல்லிக்கொண்டே மீனைப் பையில் கொட்டி இறுகக் கட்டினார். மறுகையால் துணிமூட்டையைத் தூக்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அத வைங்க. கொஞ்சம் இருங்க."

மூட்டையை அவிழ்த்துச் சட்டையை எடுத்து நீட்டினேன். "இதுல வாசன வருதா, பாருங்க."

அது யாருடையது என்று அவர் கேட்கவில்லை. மீன்பையைப் படியில் வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, இரு கைகளாலும் சட்டையை வாங்கினார். கழுத்துப் பட்டையிலும் கைமடிப்பிலும் முகம் வைத்து, கண்ணை மூடி முகர்ந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாப்தலின் உருண்ட வாசம் வருது."

"தோல் வாடை?"

மீண்டும் முகர்ந்தார். பிறகு வருத்தத்தோடு சட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"பொய் சொல்ல மாட்டேன் டீச்சரம்மா. அது இருந்தாலும் எனக்குத் தெரியாது. எங்க அப்பா, வூட்டுக்காரரு, பசங்க எல்லாரும் டேனரிதான். பொறந்ததுலேர்ந்து அதுலயே கெடக்கற மூக்கு இது. வெளியூர்க்காரங்கதான் சொல்லணும்."

அவர் மூட்டையோடும் மீன்பையோடும் கீழே இறங்கிப் போனார். தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் இதே விடைதான் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்தது. சட்டையைப் பழைய இடத்தில் வைத்தேன். அதன் கீழிருந்த பட்டுப்புடவையில் கை பட்டபோது, சென்னைத் திருமணத்தில் எழுந்துபோன அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். அமர்ந்தவுடன் அவள் என்னிடம் சிரித்துத்தான் பேசினாள். அப்போதே என் பொட்டில்லாத நெற்றியை நன்றாகப் பார்த்துமிருந்தாள். பிறகுதான் ஒருமுறை மூக்கைத் தேய்த்துவிட்டு எழுந்தாள்.

சிறுவயதிலேயே வெளியூர் விடுதிக்குப் படிக்கப் போய், இப்போது பெங்களூரிலிருக்கும் மகளை அழைத்தேன்.

"எப்ப வர்ற?"

"என்னம்மா திடீர்னு? உடம்புக்கு எதுனா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ வந்து பீரோவத் தெறந்து பாக்கணும்."

"பீரோவுல என்ன இருக்கு?"

"அதத்தான் நீ சொல்லணும்."

"சரி, சனிக்கெழம வர்றேன். மாஸ்க் போட்டுக்கிட்டுதான் எறங்குவேன், இப்பவே சொல்லிட்டேன். உங்க ஊரு நாத்தம் எனக்கு ஆவாது."

"வழியில போட்டுக்கோ. வீட்டுக்குள்ள வந்ததும் கழட்டிடு."

மீன் இல்லாத குழம்பைச் சோற்றில் ஊற்றி உண்டேன். புளிப்பு தெரிந்தது, உப்பும் காரமும் தெரிந்தன, கத்தரிக்காய் குழையாமல் பதமாக வெந்திருந்தது. வேறெதுவும் தெரியவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, பீரோவின் கதவு இடைவெளியின்றிச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை வரை அதைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.