கருடன் பார்த்த ஸ்கோப்

தொலைநோக்கியில் கண் வைக்கும் ரப்பர் வளையத்தில் அப்பாவின் வியர்வையும் தலைவலித் தைலமும் கலந்த நெடி அடிக்கும். அவர் பார்த்து முடித்த பிறகுதான் எங்கள் முறை என்பதால், என் சிறுவயதுக் கருடன்கள் எல்லாம் அந்த நெடியோடுதான் பறக்கின்றன.

பண்டமாரானில் நாலாவது மாடியில் வீடு. துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய அப்பாவுக்கு, ஞாயிறு காலை "கருட தரிசனம்" கிடைத்தால் நோய் அண்டாது என்று அசையாத நம்பிக்கை. வானத்தில் சுற்றுவது வெள்ளைக் கழுத்துக் கருடனா, வெறும் பருந்தா என்ற சந்தேகம் அவரைப் படுத்தி எடுத்ததால், பிரிக்ஃபீல்ட்ஸ் கடை ஒன்றில் ஸ்கோப் வாங்கப் போனோம். "அங்கிள், இருபது மடங்கு போதும் லா. அறுபதுல ஆடும், மங்கும். ஸ்டாண்ட நல்லதா பாத்து வாங்குங்க" என்று கடைக்காரர் தலைபாடாய் அடித்துக்கொண்டபோதும், அப்பா அறுபது வரை ஏறுவதைத்தான் வாங்கினார். எதையும் கடைசி வரை திருகினால்தான் அவருக்குத் திருப்தி. வெயில் ஏறினால் அறுபதில் மரமெல்லாம் நெளியும். அண்ணன்தான் இருபதுக்கு இறக்கி, பறவையைக் கண்டுபிடித்து, மெல்ல ஏற்றிக் கொடுப்பான்.

ஒரு பள்ளி விடுமுறை ஞாயிறு, திடலுக்கு அப்பால் இருந்த பட்ட மரத்தில் கருடன் வந்து உட்கார்ந்தது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்ததும் நான் குனிந்தேன். அதன் காலடியில் ஒரு புறா, உயிரோடு. கருடன் அதன் நெஞ்சைக் கிழித்து நார்நாராய் இழுக்க இழுக்க, ஒரு சிறகு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. காலில் நீல நூல். அண்ணன் வளர்த்த புறாக்களுக்கு நான் கட்டிவிட்ட நூல். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "அண்ணே, நம்ம புறாண்ணே!" என்று கத்தித் தொலைத்தேன்.

அண்ணன் தன் "லாஸ்டிக்" கவட்டையோடு படியிறங்கி ஓடினான். அப்பா என்னைத் தள்ளிவிட்டு ஸ்கோப்பில் குனிந்தார். முதல் கல் தவறியது. இரண்டாவதில் கருடன் தலைகீழாய் விழுந்தது. அதை அப்பா அறுபது மடங்கில் பார்த்தார்.

"சாமியவே கொன்னுட்டியேடா, பாவி!" அண்ணன் வாசலில் கால் வைப்பதற்குள் பெல்ட் அவர் கைக்கு வந்துவிட்டது. முதுகு, தோள், காது என்று பார்க்காமல் விளாசினார். "அது என் புறாப்பா" என்று அவன் நிமிர்ந்தபோது பக்கிள் இடது கண்ணில் இறங்கியது. இரத்தம் விரலிடுக்கில் வழிய அவன் தரையில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். படியில் விழுந்தான் என்று சொல்லச் சொன்னார் அப்பா. நானும் சொன்னேன்.

இன்று அந்தத் திடலில் கிடங்குகள் நிற்கின்றன. மரமும் இல்லை, புறாக்கூண்டும் இல்லை. அப்பாவுக்கு இரண்டு கண்ணும் மங்கிவிட்டதால், ஞாயிறு காலைகளில் இருக்கிற ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பது அண்ணன்தான்.

"வந்திருக்காடா?"

"வந்திருக்குப்பா. வெள்ளக் கழுத்து, நல்லாத் தெரியுது."

அப்பா கன்னத்தில் போட்டுக்கொள்வார். போன வாரம் அண்ணன் நகர்ந்ததும் நான் குனிந்து பார்த்தேன். வெறும் வானம். அவன் அவரை மன்னித்துவிட்டான் போலிருக்கிறது, நான் மன்னிக்கவில்லை. அங்கே ஒன்றுமே இல்லை என்று கத்த வாயெடுத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினான். இந்த முறை வாயை மூடிக்கொண்டேன்.