கிளட்ச்சில் வைத்த கால்

என் வீட்டுக்காரியைத் தெருவில் எல்லாரும் சுத்தியல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் ஓர் ஆணி அடிக்கவேண்டுமென்றால் என்னைத்தான் ஏவுவாள். அவளுடைய சுத்தியல்கள் பியானோவுக்குள் இருப்பவை, கட்டையை அமுக்கினால் கம்பியைத் தட்டுபவை, நுனியில் கம்பளி ஒட்டியவை. கல்யாணத்துக்கு முன் தையல் மெஷின் பட்டறையில் வேலை பார்த்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பியானோவின் பெடல் கீச்சிடுகிறது என்று ஒரு நாள் கூப்பிட்டார்கள். எண்ணெய் விடப் போனவள் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. சுவரோடு ஒட்டி நிற்கும் பியானோ ஒன்று கண்ணில் பட்டால் போதும், சோறு தண்ணி வேண்டாம். பை தூக்குகிற உத்தியோகம் எனக்கு.

ரிப்பேருக்குப் போன இடத்தில் சட்டென்று மூடியைத் திறந்து வேலையைப் பார்ப்பாளா? மாட்டாள். "முதல்ல நீங்க வாசிங்க, நான் பார்க்கிறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அரைகுறையாக வாசிக்கிறவர்களை எல்லாம் பொறுமையாகக் கேட்டாக வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் ஒரு பஸ் டிரைவர் வீடு. ரிட்டையரான பிறகு வாசிக்கக் கற்றுக்கொண்டவர். சத்தம் எழும்பவில்லை, கட்டைகள் தொளதொளவென்று இருக்கின்றன என்பது அவர் புகார். முன்னால் வந்து பார்த்த ரிப்பேர்காரர் நாலு தட்டுத் தட்டி, பியானோ நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் விரலில்தான் பலமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

டிரைவர் அடுக்களைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், தங்கச்சி. கல்யாணமான புதுசுல ஒரு பாட்டு பாடிக்கிட்டே இருப்பா. அதை அவளுக்கு வாசிச்சுக் காட்டணும்னுதான் இதைக் கத்துக்கிட்டேன். வாசிச்சு முடிச்சுட்டுத் திரும்பிப் பார்த்தா, எப்போ ஆரம்பிக்கப் போறீங்கன்னு கேக்குறா. மனசே விட்டுப்போச்சு. இன்னிக்கும் சரியாகலைன்னா இதை வித்துடப் போறேன்."

"வாசிங்க அண்ணே."

வாசித்தார். விரல்கள் என்னவோ பாய்ந்து பாய்ந்து ஓடின. சத்தம்தான் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல இருந்தது. இவளோ அவர் விரல்களைப் பார்க்கவே இல்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வண்டியை நிறுத்துங்க!"

அவர் திடுக்கிட்டு நிறுத்தினார். "என்னம்மா?"

"கிளட்ச்சுல கால வெச்சுக்கிட்டே ஓட்டுறீங்க."

குனிந்து பார்த்தேன். அவருடைய இடது கால் இடது பெடல் மேல் சொகுசாகப் படுத்திருந்தது. அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பெடலை அமுக்கினால் சுத்தியல்கள் எல்லாம் முன்கூட்டியே கம்பிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளும். கையை ஓங்க இடமில்லாதவன் என்ன அடி அடிப்பான்? சத்தம் அடங்கும், கட்டையும் தொளதொளக்கும். மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்துக்கென்று செய்துவைத்த ஏற்பாடு அது. கீழ்ப் பலகையைக் கழற்றிப் பார்த்தால், பெடலோடு சேர்ந்த தண்டை யாரோ ஒரேயடியாக முடுக்கிவைத்திருந்தார்கள். கால் பட்டாலே போதும், சுத்தியல்கள் கிளம்பிவிடும். முன்னால் வந்தவர் பெடலைத் தொடாமல் வாசித்திருப்பார், கோளாறு எப்படித் தெரியும்?

டிரைவர் காலை இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். பாட்டின் ரெண்டாவது அடிக்கு வருவதற்குள் கால் தானாகப் பெடல் மேல் ஏறிவிட்டது. "சனியன்!" என்று காலைத் தட்டினார்.

"காலைத் திட்டாதீங்க. ப்ளே இல்லாம, கால் பட்டதுமே பிடிக்கிற கிளட்ச்சோட வண்டி குடுத்தா எடுப்பீங்களா?"

"சத்தியமா மாட்டேன். டெப்போவை விட்டே நகரமாட்டேன்."

"இதுக்கும் கொஞ்சம் ப்ளே வெச்சுடலாம்."

அந்தத் தண்டின் நட்டைத் துளித்துளியாகத் தளர்த்தினாள். ரொம்பத் தளர்த்தினால் பெடல் எதற்கும் ஆகாது. ஒவ்வொரு தடவையும் அவரைக் காலை வைக்கச் சொன்னாள். கடைசியில் கால் சும்மா கிடந்தால் சுத்தியல்கள் அசையவில்லை, அழுத்தி மிதித்தால் மட்டும் முன்னால் போயின.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "மனுஷனைத் திருத்தாம பியானோவைத் திருத்துறியே" என்றேன்.

"இத்தனை வருஷமா ஊர் ஜனத்தைப் பத்திரமாக் கொண்டுபோய் விட்ட காலுங்க. அதை நான் திருத்தணுமா?"

எனக்கு அவளை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறிக்கொள்வாள்.

டிரைவர் வாசித்தார். கூடம் நிறைந்தது. ரெண்டாவது அடி முடிவதற்குள் அவர் மனைவி ஈரக் கையோடு ஓடிவந்தார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! அந்த இடம் அப்படி இல்ல. தப்புத் தப்பா வாசிக்கிறீங்க!"

டிரைவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. "தப்புங்கிறா!" என்றார்.

அந்த அம்மாள் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அந்த அடியைப் பாடிக் காட்டினார். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு மறுபடி வாசித்தார். அதே இடத்தில் அதே தப்பு, இந்தத் தடவை வேண்டுமென்றே.

"ஐயோ, மறுபடியும் தப்பு!" என்று தோளில் ஓர் அடி வைத்தார் அந்த அம்மாள்.