வெள்ளைச் சேவலின் இறகு

அரூரில் பேருந்துக்கு நிற்கும்போதெல்லாம் எதிரே இருக்கும் கோழிக்கடை கண்ணில் படும். வாசலில் வெள்ளை இறகுகள் ஈரத்தோடு குவிந்து கிடக்கும். உதவாத மார்பு இறகு எது, அம்புக்கு ஆகும் இறக்கை இறகு எது என்று என் கண் தானாகப் பிரிக்கும். சித்தேரி மலையில், நான் அண்ணன் என்று கூப்பிட்டவரின் வீட்டில் இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

அறுபதுகளின் கடைசி. பள்ளியைப் பாதியில் விட்டு ஊர் ஊராக அலைந்த நான், மரம் வெட்டப் போய் அங்கே தங்கினேன். அந்த வருடம் மழை இல்லை. சாமை காய்ந்துவிட்டது. வேட்டைக் கறியை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. காட்டைச் சுற்றி வளைத்து வேட்டையாடும்போது, வில்லோடு அந்த வளைப்பில் நிற்கிறவனுக்குத்தான் கறியில் பங்கு என்பது ஊர் வழக்கம். அண்ணனுக்கோ கண் மங்கிக்கொண்டு வந்தது. வெளியே தெரிந்தால் வில்லைக் கீழே வைக்கச் சொல்லிவிடுவார்கள், பிள்ளைகள் பட்டினி கிடக்கும். இது அண்ணி ஒருத்திக்குத்தான் தெரியும். நான் பிற்பாடுதான் அறிந்தேன்.

அந்த வருடம் வரை அவர் அம்புக்குப் பருந்து இறகுதான் கட்டுவார். ஒரு அம்புக்கு மூன்று இறகு; மூன்றும் ஒரே பக்கத்து இறக்கையில் எடுத்ததாக இருக்க வேண்டும், கலந்தால் அம்பு தள்ளாடும். உறுதியான இறகு, ஆனால் காய்ந்த புல்லில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது. அண்ணியின் பழைய சேலையைக் கிழித்துச் சிவப்புத் துணி சுற்றிப் பார்த்தார். வெயில் சாய்ந்ததும் சிவப்பு கறுத்துப்போனது. கடைசியில் தன் கூடப்பிறந்த தம்பியின் வெள்ளைச் சேவலைக் கேட்டார். அம்பு தொலைந்தால் இரும்பு முனைக்கு அரூர் வரை நடக்கவேண்டுமே என்று காரணம் சொன்னார். அதுவும் பொய்யில்லை.

சேவலைக் கொடுத்த தம்பி, கட்டி முடித்த அம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்கண்ணா, கொக்கு கணக்கா இருக்குது. பன்னி பாத்துச் சிரிக்கப்போவுது."

"சிரிக்கட்டும்டா. பல்லு தெரிஞ்சா அடிக்கத் தோது."

அடுத்த வளைப்பில், பொழுது சாயும் நேரம், பன்றி புதரை விட்டு ஏற்கனவே ஓடியிருந்தது. தடம் பார்க்கக் குனிந்து புதருக்குள் வந்தவர் தம்பி. அண்ணன் அசைவை மட்டும் பார்த்து, பன்றி என்று அம்பை விட்டார். அது விலாவில் இறங்கியது. பிடுங்கினால் ரத்தம் நிற்காது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். மலைக்கு அப்போது பஸ் கிடையாது. கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி, அம்போடு படுக்கவைத்து அரூர் ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம்.

அண்ணன் பின்னால் வந்தார். கல்லில் இடறினார், வழியை விட்டு முள்ளுக்குள் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் சொன்னார்.

"வழி தெரியலப்பா. உம் மூஞ்சியும் தெரியல. அந்த எறகு மட்டுந்தான் தெரியுது."

அதைப் பார்த்தே மலை இறங்கினார். அடிவாரத்தில் தோள் மாற்றத் தூளியை இறக்கினார்கள். மற்றவர்கள் பீடி பற்றவைத்தார்கள். அண்ணன் இறகையே பார்த்தபடி நின்றார். வழியில் இறக்கிய இடத்திலெல்லாம் அது தம்பியின் மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆடல," என்றார்.

பிறகு அவர் வில்லைத் தொடவில்லை. வழக்கப்படி பங்கும் வரவில்லை. சில நாளில் நானும் வேறு வேலை தேடி மலையை விட்டு இறங்கிவிட்டேன்.

சாயங்காலம் கோழிக்கடைக்காரர் குவியலைச் சாக்கில் அள்ளுவார். ஒன்றிரண்டு இறகு காற்றில் கிளம்பும். அவை தரையில் விழுந்து அடங்குகிறவரை நான் பஸ் ஏறுவதில்லை.