சத்தத்தை நம்பினேன்

அந்தச் சனிக்கிழமை மதியம் கட்டுப்பாட்டு அறையில் நானும் இன்ஜின் பார்க்கும் அண்ணாச்சியும் இருந்தோம். இல்லாதவர்கள் இருவர். சர்வீஸ் மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவார். அப்பா வரவே மாட்டார்.

அப்பா சங்கு குளிக்கப் போனவர். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு கடலடியில் சங்கு பொறுக்குவார். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர் என் தாய்மாமா. எங்கள் பக்கம் கயிறு மச்சினன் கையில்தான் இருக்கும்; அக்காள் தாலி அறுவதை எந்தத் தம்பி பார்த்துக்கொண்டிருப்பான்? அப்பா கடைசியாக இறங்கிய அன்று குழாய் கழன்றுவிட்டது. கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. "சத்தம் கேட்டுச்சுலே, அதான் கயித்தக் கவனிக்கல." மாமா இன்றுவரை இதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமா முடித்ததும், படகுக்காரர்கள் சேர்ந்து மாப்பிள்ளையூரணிப் பக்கம் கட்டிய மீன் குளிர்கிடங்கில் மின்சாரம் பார்க்கும் வேலை கிடைத்தது. கூரையில் சோலார், கொட்டகையில் பேட்டரி, பின்னால் கேஸ் இன்ஜின். வெயில் அடிக்கும்போது இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். மேகம் மறைத்தால் பேட்டரி தாங்கும். அது இறங்கினால்தான் இன்ஜின். கேஸும் மிச்சம், புகையும் குறைவு. அந்த ஏற்பாடே அதற்காகத்தான்.

என்னால் நிறுத்த முடியவில்லை. கம்ப்ரசர் ஓடியும் அப்பா செத்தார் என்பது தெரியும். ஆனாலும் இன்ஜின் அடங்கும் நொடியில், கீழே எங்கோ ஒருவர் மூச்சுக்காகக் கயிற்றை இழுப்பதுபோல் என் உள்ளங்கை விறைக்கும். அதனால் பகலெல்லாம் லோடு இல்லாமல் சும்மா ஓடவிட்டேன்.

"ஏலே, இப்படி வெறுமனே ஓட்டுனா உள்ள கரி பிடிச்சிரும். நிப்பாட்டு. அது என்ன, ஒனக்குத் தாலாட்டா பாடுது?"

"மேகம் வருது அண்ணாச்சி."

"எங்கன? கொழும்புலயா?"

சிரித்தேன். நிறுத்தவில்லை.

அந்த வாரம் மேகம் நிஜமாகவே வந்தது. வெள்ளிக்கிழமை காற்றில் ஈபி லைனும் அறுந்தது. கிடங்கு நிறையக் கணவாய் மீன். சனிக்கிழமை மதியம் பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியதும், முழு லோடையும் இன்ஜின்மேல் போட்டேன். இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

அண்ணாச்சி இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அடுப்படிக் கரிபோல இருந்தது. "இந்தா, நீ வளத்த பிள்ள."

துடைத்து மாட்டியும் இன்ஜின் கிளம்பவில்லை. ஒன்றரை மணி நேரம் திரையில் பேட்டரி எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கிடங்கின் குளிர்விசிறிகள் நின்றன. ஐஸ் கொண்டுவந்து கொட்டியும் பாதிக் கணவாய்தான் தேறியது.

சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனேன்.

"சத்தம் கேட்டுச்சு மாமா. அதான் கவனிக்கல."

மாமா என்னையே பார்த்தார். நகர்ந்து பாயில் இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

கெட்டுப்போன கணவாய், இன்ஜின் பழுது எல்லாம் சேர்த்துப் படகுக்காரர்களுக்கு நஷ்டமானது நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்.